கபடிக் களத்தில் முழங்கால்: வலுப்பயிற்சி காயத்தைத் தடுக்குமா?

ஓமந்தூரிலும் அதைச் சுற்றிய திண்டிவனம், மயிலம், கிளியனூர், மரக்காணம் வட்டாரத்து ஊர்களிலும், வடதமிழகத்தின் மற்ற பகுதிகளைப் போலவே, பொங்கலும் கோயில் திருவிழாவும் கபடிக்கான காலம். பள்ளிப் பிள்ளை முதல் குடும்பஸ்தர் வரை களத்தில் இறங்குகிறார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டே போனவர் இல்லாத அணி குறைவு. ஊர் அதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அவனுக்கு நேரம் சரியில்லை, ஆட்டம் என்றால் அடிபடத்தான் செய்யும். உடலோடு உடல் மோதும் விளையாட்டில் அடியே படாமல் இருக்காது என்பது உண்மை. ஆனால் எத்தனை பேருக்கு, எவ்வளவு கடுமையாக அடிபடும் என்பதைப் பெருமளவு மாற்ற முடியும் என்று கடந்த 25 ஆண்டுகளின் விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசைக்கு முறையாக வலுவேற்றும் பயிற்சி காயங்களைக் கணிசமாகக் குறைக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை. விடாத வழக்கம் வேண்டும். அந்தச் சான்றுகள் எவ்வளவு உறுதியானவை, நம் கபடிக் களங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ந்தபின் நான் வந்துசேரும் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காயத்தைத் தடுப்பதை ஆட்டக்காரரின் தனிப்பட்ட அக்கறைக்கு விட்டுவைத்தால் இந்த அறிவு யாருக்கும் பயன்படாது. பள்ளியும் பயிற்சியாளரும் போட்டி நடத்துகிறவர்களும் அதை ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாக்க வேண்டும்.

முதலில் முழங்காலுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். பாடிப் போகிறவருக்கு ஒரு முறைக்கு 30 விநாடிதான். அதற்குள் அவர் முன்னேறுகிறார், சட்டென்று நிற்கிறார், ஒற்றைக்காலில் உடலைத் திருப்புகிறார், பின்வாங்குகிறார், கால் நீட்டித் தொடுகிறார். பிடிக்கிறவர் குனிந்த நிலையிலிருந்து கணுக்காலையோ தொடையையோ நோக்கிப் பாய்கிறார். இந்த அசைவுகளில் ஆபத்து மிகுந்த கணம், ஓடி வந்த வேகத்தை ஒரே காலில் அடக்கித் திசை மாற்றும் கணம். பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் உட்பக்கமாகச் சாய, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொண்டால், முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடும் முன்சிலுவை ஜவ்வு அறுந்துபோகிறது. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்த நார்வே ஆய்வாளர்கள், பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லிவிநாடிக்குள் இது நடந்துவிடுவதாகக் கணித்தார்கள். மனிதர் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, உடலை அசைப்பதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஆகவே ‘பார்த்து ஆடு’ என்ற அறிவுரை இந்தக் காயத்தைத் தடுக்க உதவாது. பாதம் தரையில் படும் முன்பே பின்தொடைத் தசையும் இடுப்புத் தசையும் இறுகி முழங்காலைக் காக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தம் பல வாரப் பயிற்சியால் உடலில் ஊறியிருந்தால்தான் உண்டு.

இந்தக் காயத்தின் விலையும் சிறிதல்ல. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த கபடி வீரர் பவன் செராவத், அவ்வாண்டு அக்டோபரில் குஜராத் அணியுடனான முதல் ஆட்டத்திலேயே எதிராளியைப் பிடிக்க முயன்றபோது முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனார். அறுவையும் மாதக்கணக்கான மறுவாழ்வுப் பயிற்சியும் அவருக்குக் கிடைத்தன. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றுத் தங்கமும் வென்றார். கிராமத்து ஆட்டக்காரருக்கு அந்த வசதிகளில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அவருடைய முழங்காலை நம்பித்தான் காவல்துறை உடல்தகுதித் தேர்வும், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும், அவை கிடைக்காவிட்டால் வயல்வேலையும் இருக்கின்றன. ஜவ்வு கிழிந்த கால்பந்து வீராங்கனைகளை 12 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த சுவீடன் ஆய்வொன்றில், அவர்களின் சராசரி வயது 31 மட்டுமே; ஆனால் பாதிப் பேரின் முழங்காலில் மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்தது. அறுவையும் அபாயமே இல்லாதது அல்ல. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், ஜவ்வு அறுவைக்குப் பின் நேர்ந்த சிக்கலால் காலையும், சில நாளில் உயிரையும் இழந்தார். அப்படி நேர்வது மிக அரிது. ஆனாலும் கிழிந்தபின் தைப்பதைக் காட்டிலும் கிழியாமல் காப்பதே மேல் என்பதை அந்தத் துயரம் நமக்கு உணர்த்த வேண்டும்.

காக்க முடியும் என்பதற்கு என்ன சான்று? டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதில் முக்கியமானது. 25 ஒப்பீட்டு ஆய்வுகளில் பங்கேற்ற 26,610 பேரின் தரவுகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வலுப்பயிற்சி செய்தவர்களிடம் விளையாட்டுக் காயம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தது. ஓயாத உழைப்பால் மெல்ல மெல்ல வரும் காயங்களும், எல்லாப் பயிற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழப் பாதியாயின. அதே தொகுப்பில் தசையை நீட்டி வளைக்கும் பயிற்சிக்குக் காயத்தைத் தடுக்கும் பயன் எதுவும் தென்படவில்லை. நம் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் நடப்பதோ இதற்கு நேர்மாறு. மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது, கைகாலை நீட்டி வளைப்பது, உடனே ஆட்டம் என்பதே நம் வழக்கம். உடலைச் சூடாக்க ஓட்டம் உதவும், நீட்டிவளைப்பதாலும் தீங்கில்லை. ஆனால் காயத்தைத் தடுக்கும் வேலையை நாம் எதனிடம் ஒப்படைத்திருக்கிறோமோ அதனால் அதைச் செய்ய முடியவில்லை. செய்யக்கூடியதற்கு நம் நேரத்தில் இடமே இல்லை.

மைதானத்துக்கு அருகில் வரும் சான்று கால்பந்திலிருந்து கிடைக்கிறது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் வடிவமைத்த ‘11+’ என்ற முறையில், மெல்லோட்டம், வயிறு–முதுகுத் தசைக்கான பிளாங்க், பின்தொடைப் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது, பஸ்கி, குதித்து மெத்தென்று இறங்குவது, ஓடித் திரும்புவது எல்லாம் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களிடம் ஒரு பருவம் முழுவதும் இது சோதிக்கப்பட்டு, 2008இல் முடிவு வெளியானது. இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுங்காயங்கள் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் குறைந்தன. கால் காயங்களை மட்டும் தனியே எடுத்தால், குறைவு தெரிந்தாலும் புள்ளியியல் உறுதியை அது எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இது தனித்து நிற்கும் ஆய்வல்ல. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அதே நாட்டில் ஹேண்ட்பால் ஆடும் 1,837 இளையோரிடம் இதுபோன்ற பயிற்சி முழங்கால், கணுக்கால் காயங்களைப் பாதியாகக் குறைத்திருந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்தில் 61 அணிகளைக் கொண்டு செய்த சோதனையிலும் காயங்கள் 46 விழுக்காடு குறைந்தன. வேறு வேறு விளையாட்டுகள், வேறு வேறு வயதுகள், ஆண் பெண் இருபாலர் என்று எங்கு பார்த்தாலும் முடிவு ஒரே திசையைக் காட்டுகிறது.

தனித் தசைகளுக்கான ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. ஆட்டக்காரர் மண்டியிட, தோழர் ஒருவர் அவருடைய இரு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். மண்டியிட்டவர் உடலை நேராக வைத்தபடி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து தரைக்கு இறங்குகிறார். நார்டிக் பயிற்சி எனப்படும் இதில், பின்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தை எதிர்த்துத் தாங்கப் பழகுகிறது. டென்மார்க்கில் 50 அணிகளின் 942 கால்பந்து வீரர்களிடம் நடந்த சோதனையில், இதைச் செய்யாத பிரிவில் 52 பின்தொடைக் காயங்கள் ஏற்பட்டன. செய்த பிரிவில் 15தான். ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர்களுக்குத்தான் பயன் மிக அதிகம். தோழர் ஒருவர் மேல்காலைத் தாங்கிக்கொள்ள, பக்கவாட்டில் கிடந்தபடி உடலைத் தூக்கி இறக்கும் கோபன்ஹேகன் பயிற்சி, நார்வே கால்பந்து வீரர்களிடம் கவட்டைத் தசைத் தொல்லைகளை 41 விழுக்காடு குறைத்தது. கால் நீட்டித் தொடும் கபடிக்காரருக்குக் கவட்டைத் தசை எத்தனை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பயிற்சிகளுக்கும் தேவை ஒரு தோழரும் கொஞ்சம் தரையும்தான்.

இந்த இடத்தில் எழும் வலுவான மறுப்பு இது: இவையெல்லாம் ஐரோப்பியக் கால்பந்தும் ஹேண்ட்பாலும், கபடியில் ஏழு பேர் ஒருவர்மேல் விழுகிறார்கள், அந்த அடியைத் தசை எப்படித் தடுக்கும்? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன பெரிய சோதனைகள் எவையும் கபடிக் களத்தில் நடந்தவை அல்ல. நம் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகள் அத்தகைய சோதனையை உடனே கையில் எடுக்க வேண்டும். ஆனால் அதுவரை கைகட்டி நிற்க இது காரணம் ஆகாது. முதலாவதாக, யாரும் தொடாமலே முழங்கால் திருகும் விபத்துக்கு வேண்டிய எல்லாம் கபடியிலும் உண்டு: சட்டென்று நிற்றல், ஒற்றைக்காலில் திரும்புதல், குதித்து இறங்குதல். உடலின் கட்டமைப்பு நார்வேயில் ஒன்றாகவும் நாட்டார்மங்கலத்தில் வேறாகவும் இருப்பதில்லை. இரண்டாவதாக, கபடியைப் போலவே பிடித்து வீழ்த்தும் ரக்பியிலும் ஆய்வு நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 40 பள்ளிகளின் 14 முதல் 18 வயது மாணவர்களிடம் கழுத்து, இடுப்பு, கால் வலுவுக்கான பயிற்சி சோதிக்கப்பட்டது. வாரம் மூன்று முறையாவது அதைச் செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 விழுக்காடும், தலையில் அடிபட்டு மூளை அதிர்வது 59 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒழுங்காகப் பயிற்சி செய்யும் அணி மற்ற வகைகளிலும் ஒழுங்கான அணியாக இருந்திருக்கலாம் என்பதால், இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனாலும் மோதல் மிகுந்த ஆட்டத்தில் பயிற்சியால் பயனே இல்லை என்ற வாதம் இதன்முன் நிற்காது.

அடுத்த மறுப்பு நம் மண்ணிலிருந்தே வருகிறது. ஏர் பிடித்து, மூட்டை தூக்கி, கரும்பு வெட்டி வளர்ந்த உடம்புக்குத் தனியாக என்ன பயிற்சி என்று கேட்கிறார்கள். உழைப்பு உடலுக்கு உரமேற்றுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தசை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதில்தான் வலுப்பெறும். மூட்டை தூக்குவதில் இரு காலும் தரையில் ஊன்றியிருக்கின்றன, அசைவு மெதுவானது, திசை மாறுவதில்லை. முழுவேகத்தை ஒற்றைக்காலில் அடக்கும் திறனை அந்த வேலை கற்றுத்தராது. தவிர, உழவு இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்தபின், இன்றைய பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு அந்த உழைப்பும் இல்லை. நாளில் பெரும்பகுதி வகுப்பறை இருக்கையில் கழிகிறது. வலுப்பயிற்சி நமக்குப் புதிதும் அல்ல. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இளவட்டக்கல்லும் நம் ஊர்களில் இருந்தவைதான். பஸ்கியை இரண்டு காலிலிருந்து ஒற்றைக்காலுக்கு மாற்றி, வாரம்தோறும் சுமையைச் சிறிது கூட்டிக்கொண்டே போனால், நவீன ஆய்வு சொல்லும் பயிற்சிக்கு மிக அருகில் வந்துவிடுவோம். சுமைக்கு உரச் சாக்கில் மணல் கட்டிக்கொண்டால் போதும்.

பெற்றோரின் அச்சம் வேறு வகை. சிறு வயதில் எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்றும், பெண்பிள்ளைக்கு அது ஒத்துவராது என்றும் நினைக்கிறார்கள். வளரிளம் பருவத்து வலுப்பயிற்சி குறித்து 2014இல் வெளியான பன்னாட்டு நிபுணர் அறிக்கை, தகுதியான ஆசிரியர் கண்காணிப்பில் முறையாகச் செய்தால் அது பாதுகாப்பானது, எலும்புக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்கிறது. உயரம் குறையும் என்பதற்குச் சான்று கிடையாது. பெண்களின் நிலையோ இதைவிட அவசரமானது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு முன்சிலுவை ஜவ்வு கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்றிருந்தார். அந்த வெற்றியைக் கண்டு களத்துக்கு வரும் சிறுமிகளை வலுப்பயிற்சி இல்லாமல் ஆடவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. எடை தூக்கினால் உடல் இறுகி வேகம் குறையும் என்ற ஆட்டக்காரர்களின் பழைய நம்பிக்கையும் ஆதாரமற்றது. தரையை எவ்வளவு விசையோடு உதைக்கிறோம் என்பதில்தான் வேகம் இருக்கிறது. அந்த விசையைக் கூட்டுவதே வலுப்பயிற்சி.

மண்ணில் ஆடியவரை இத்தனை காயம் இல்லை, மேட் (விரிப்பு) வந்ததுதான் காரணம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதையும் புறந்தள்ள முடியாது. மண் சறுக்கும், பாதம் வழுக்கித் திரும்பும். மேட் பாதத்தைப் பிடித்து நிறுத்துகிறது, ஆகவே திருகல் முழங்காலுக்கு ஏறுகிறது. இது உடலியக்கத்தின்படி பொருந்தும் விளக்கம்தான். ஆனால் பன்னாட்டுப் போட்டியும் தொழில்முறைப் போட்டியும் மேட்டில்தான் நடக்கின்றன. மேலே போக விரும்பும் ஓமந்தூர்ப் பிள்ளை மேட்டில் ஆடியே ஆக வேண்டும். மண்ணில் பழகிய காலோடு, போட்டியன்று முதல்முறையாக மேட்டில் இறங்குவதே பெரும் ஆபத்து. தரை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு வலு தொடைக்கும் இடுப்புக்கும் தேவைப்படும். எனவே மேட்டைக் குறைசொல்லும் வாதம் கடைசியில் வலுப்பயிற்சியின் தேவையைத்தான் உறுதிசெய்கிறது.

இவ்வளவு சான்று இருந்தும் உலகெங்கும் காயங்கள் ஏன் குறையவில்லை? இந்த விவகாரத்தின் மையமே இந்தக் கேள்விதான். ஐரோப்பாவின் முன்னணி ஆண்கள் கால்பந்து அணிகளில் 2001 முதல் 2014 வரை பயிற்சி வேளைகளின் பின்தொடைக் காயங்கள் ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் கூடிக்கொண்டே போயின. நார்டிக் பயிற்சியின் பயன் ஐயமற நிறுவப்பட்ட பின்பும், சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வேயின் முதல்தர அணிகளையும் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை அதை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று 2015இல் தெரியவந்தது. கோடிகளில் புரளும், மருத்துவர்களையும் பயிற்சி வல்லுநர்களையும் சம்பளத்துக்கு வைத்திருக்கும் அணிகள் அவை. அவற்றிலேயே இப்படி என்றால், தடை பணமோ கருவியோ அல்ல. எவருக்கும் அடிபடாத நாளில் தடுப்புப் பயிற்சியின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தசைவலி மட்டும் தெரிகிறது. அதனால் அது முதலில் கைவிடப்படுகிறது. மேலே சொன்ன நார்வே ‘11+’ ஆய்விலேயே, பயிற்சியை மிக ஒழுங்காகச் செய்த வீராங்கனைகளின் காய அபாயம் அரைகுறையாகச் செய்தவர்களைவிட 35 விழுக்காடு குறைவு. நம்மிடம் ஜிம் இல்லை, மேட் இல்லை என்று வருந்தும் கிராமத்து அணிக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. பணக்கார அணிகளால் காக்க முடியாத ஒழுங்கை, தினமும் மாலையில் ஒன்றுகூடும் ஊர் அணியால் காக்க முடியும்.

வலுப்பயிற்சியே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டம் ஆடவைக்கும் போட்டி முறையால் தளர்ந்துபோகும் தசையை எந்தப் பயிற்சியும் முழுமையாகக் காக்காது. எடைப் பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் உடலை வற்றவைத்துக் களமிறங்குவதும் அப்படித்தான். அடிபட்டபின் நடப்பது இன்னும் கவலைக்குரியது. முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், பெரும்பாலும் அது ஜவ்வுக் காயம். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவி, இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆடப்போகிறார்கள். அந்த இரண்டாவது ஆட்டத்தில் குருத்தெலும்பும் சேர்ந்து சேதமாகக்கூடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இந்த வட்டாரத்துக்குத் தொலைவில் இல்லை. உடனே போய்க் காட்ட வேண்டும். அறுவை செய்துகொண்டவர் ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்த பொங்கலுக்கு ஆடியே தீர வேண்டும் என்ற அவசரத்துக்கு அணியின் மூத்தவர்கள்தான் தடைபோட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. எல்லாமே நம் எல்லைக்குள் இருப்பவை. பள்ளிகளில் உடற்கல்வி வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தி, வாரத்தில் மூன்று நாள் முதல் 20 நிமிடத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதை ஓரிரு நாளில் கற்றுத்தந்துவிடலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் அதை நடத்த முடியும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில், குறைந்தது பத்து வாரம் இப்பயிற்சி செய்ததற்கான பதிவேட்டை அணிகளிடம் கேட்டால், ஒரே ஆண்டில் மாநிலம் முழுவதும் வழக்கம் மாறும். ஊர்ப்போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்கள், ஓர் அணி ஓர் இரவில் ஆடக்கூடிய ஆட்டங்களுக்கு வரம்பு வைத்து, முதல் ஆட்டத்துக்கு முன் எல்லா அணிகளும் களத்தில் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி செய்வதைப் போட்டியின் தொடக்க நிகழ்ச்சியாக்கலாம். பரிசுக்கோப்பைக்குச் செலவாகும் பணம்கூட இதற்கு வேண்டாம். ஓர் இளைஞரின் முழங்கால் அவருடைய ஆட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு அவருடைய பிழைப்பும் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. அதைக் காக்கும் வழி தெரிந்திருந்தும், செலவே இல்லாத அந்த 20 நிமிடத்தை ஒதுக்காமல் விட்டால், அதன்பின் நேரும் காயத்துக்கு விதியைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.